நான் பார்க்காத நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்

சிட்னியில் கமராவும் கையுமாகத் திரிகிற தமிழ் ஆட்கள் ஏராளம். அவர்களில் ஆகத் திறமான ஆள் யார் என்று கேட்டால் என் மனைவி லைலா என்பேன். அவளுடைய மிகச் சிறந்த படங்களை நான் கண்ணால் கண்டதில்லை. காணாமல் எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறவர் கொஞ்சம் பொறுமையாக வாசிக்கட்டும்.

லைலாவைப் பற்றிச் சொல்ல முதல் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பெயர் மீரா சாஹிபு. ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. எண்பத்தேழில் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, தேங்க்யூ மூன்றும்தான். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே இறைச்சித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்றேன். பிறகு வென்ட்வொர்த்வில்லில் ஹலால் இறைச்சிக் கடை போட்டேன். பலகையில் என் பெயரை நான்தான் எழுதினேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். இன்றைக்குக் கிரவீனில் சொந்த வீடு, மகன் ரிஷாத் பொறியியலாளன். ஆட்டுத் தொடை ஒன்றைக் கையில் தூக்கினால் அதன் எடையைச் சொல்வேன். நான் சொன்னதைத் தராசு மறுத்தால் தராசைத்தான் பழுது பார்க்கக் கொடுப்பேன்.

கமராவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். 2010இல் ரிஷாத் பட்டம் வாங்கிய விழாவுக்காகப் பரமட்டாவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் குட்டிப் பீரங்கி போல ஒன்றை எடுத்து நீட்டினான். "இது வேணாம். என் மனைவியின் கைப்பைக்குள் போகிறதைக் காட்டு" என்றேன். அப்போதுதான் மிரர்லெஸ் என்ற வகைக் கமரா கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. பெரிய கமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும், படம் எடுக்கும்போது அது மேலே அடித்து எழும்பும். இதற்குள் அந்தக் கண்ணாடி இல்லை. அதனால் உடம்பு சிறியது, சத்தமும் குறைவு. முன்னால் மாட்டுகிற லென்ஸ் ரொட்டி போலத் தட்டை. லைலா இன்றுவரைக்கும் அதை 'ரொட்டி லென்ஸ்' என்றுதான் சொல்வாள்.

பட்டமளிப்பு விழாவில் நான் எடுத்த படங்களில் ரிஷாத்தைவிட என் விரல் அதிகமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்த லைலா ஒன்றும் பேசாமல் கமராவை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, தன் கைப்பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அது என் கைக்கு வரவில்லை.

கிரவீனில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர் சடகோபன். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகலில் அவர் வீட்டுக் கராஜில் படம் பிடிக்கிறவர்கள் கூடுவார்கள். காரை வெளியே விட்டுவிட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அவரவர் படத்தைப் பெரிதாகக் காட்டி, ஆளுக்காள் குறை சொல்வார்கள். லைலாவை நான் அங்கே கூட்டிக்கொண்டு போன முதல் நாள் சடகோபன் அவள் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாய், அக்காவுக்குப் பொம்மை கேமரா வாங்கிக் குடுத்திருக்கீங்க?"

"சடகோபன், ஒங்கட கமராவத் தூக்க ஒரு ஆள் வேணும். இவட கமராவத் தூக்க இவ போதும்" என்றேன். கராஜே சிரித்தது. அவருடைய மனைவி கல்யாணி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அன்றைக்கு அவர் ரோ ஃபைல் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விளக்கினார். வரைபடம், எண்கள், பன்னிரண்டு பிட், பதினான்கு பிட். திரும்பி வரும் வழியில் லைலா சொன்னாள்: "எனக்கு ஒரு சாமானும் விளங்கல்ல."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "இஞ்ச பாரு. கமரா படத்த ரெண்டு விதமாத் தரும். ஒண்டு ஆக்கின கறி. உப்புப் புளி எல்லாம் அதுவே போட்டுரும், கூடிப் போனா எடுக்க ஏலா. மத்தது பச்ச இறைச்சி. அதுதான் ரோ. வீட்ட கொண்டுவந்து நீ விரும்பின மாதிரி ஆக்கலாம்."

"அப்ப பச்ச இறைச்சிதான் நல்லம்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கமராவில் ரோவை நிறுத்தியதே இல்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவன் ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்தினேன். இதைச் சடகோபனிடமும் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

லைலாவிடம் ஒரு விசேஷம் உண்டு. கமராவை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடிக்க மாட்டாள். நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, பின்பக்கத் திரையை ஒரு கண்ணாலும் ஆளை ஒரு கண்ணாலும் பார்ப்பாள். வாய் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே இருக்கும். எதிரே இருப்பவர் படம் எடுபடுவதையே மறந்துவிடுவார். பெண்கள் மத்தியில் இந்தப் பேர் பரவியது. எங்கள் சமூகத்தில் கலியாணம் என்றால் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்துக்குப் பெரிய கமராக்காரர் வருவார். பெண்கள் பக்கத்துக்கு அவர் போக முடியாது. அங்கே மணமகள் தலைத்துணி இல்லாமல், பூ வைத்து, நகை போட்டு இருப்பாள். அதனால் பெண்கள் பக்கத்துப் படம் என்றால் யாராவது மச்சிமார் கைபேசியில் எடுத்த கலங்கிய படங்கள்தான். லைலா போன இரண்டு மூன்று கலியாணங்களில் அந்தக் குறை தீர்ந்தது.

2012 செப்டம்பரில் ஷம்லாவின் மகள் ஹிபாவுக்குக் கலியாணம். ஷம்லா எங்கள் ஊர்க்காரி, ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறாள், லைலாவுக்குத் தங்கச்சி போல. வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு லைலாவின் கையைப் பிடித்தாள்.

"ராத்தா, பொம்புளைப் பக்கம் நீங்கதான். வேற ஆளுக்குச் சொல்லல்ல. ஒண்டு மட்டும். ஹிபாட படம் ஒரு ஆம்புளைட கண்ணிலயும் படக்கூடா."

"எங்கட ஆளுக்கும் காட்ட மாட்டன்" என்றாள் லைலா. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

கலியாண மண்டபம் கிரவீனுக்குப் பக்கத்தில். பெண்கள் பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே கார் நிறுத்துமிடம். போகிற வருகிற ஆண்கள் பார்த்தால் எல்லாம் தெரியும். காலையில் ஷம்லா பதறிப்போய் நின்றாள். "தங்கச்சி, விடுங்க, இந்தா செய்யிறன்" என்று நான் கடைக்கு ஓடினேன். மீலாத் விழாவுக்காக நான் வாங்கி வைத்திருந்த பச்சை சாட்டின் துணி இரண்டு சுருள் கிடந்தது. ஏணி வைத்து, அரை மணி நேரத்தில், ஒரு இடுக்கு விடாமல் கண்ணாடி முழுவதையும் மூடிக் கட்டினேன். அப்படி ஒரு கட்டு யாரும் கட்ட முடியாது. மண்டபக்காரரே வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

துணி கட்டியதில் பிழை இல்லை. துணியின் நிறத்தில்தான் பிழை. மத்தியான வெயில் அந்தப் பச்சைத் துணிக்குள்ளால் வந்து உள்ளே இருந்த ஒவ்வொரு முகத்திலும் விழுந்தது. மறுபக்கத்தில் கூரை விளக்கின் மஞ்சள். மனிதக் கண் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், உள்ளே இருந்த பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கமரா பழகாது.

திங்கள் காலை நான் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கணினி இருந்த அறையிலிருந்து லைலா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"பச்ச" என்றாள்.

"என்ன பச்ச?"

"எல்லாரும். ஒரு கன்னம் பச்ச, மத்தக் கன்னம் மஞ்சள். பொண்ணு மய்யித்துப் போல இரிக்கா. அந்தத் துணிய ஆரு கட்டினது?"

மணமகளைப் பிணத்தோடு ஒப்பிடுகிறாள். போட்ட செருப்பை நான் கழற்றினேன். பிறகு சொன்னேன்: "சடகோபனுக்கிட்டக் குடுப்பம். நம்மட மனிசன். ரெண்டு நாளில முடிச்சுத் தருவார்."

"ஒங்களுக்கே காட்டல்ல. அவருக்கா?"

அவள் ஷம்லாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒளிக்கவில்லை, பூசி மெழுகவில்லை. "தங்கச்சி, படம் பழுதாப் பெய்த்து. திருத்திப் பாக்கிறன்" என்றாள். ஹிபாவும் மாப்பிள்ளையும் மூன்று வாரத்தில் பெர்த்துக்குக் குடிபோகிறார்கள். அதற்கு முதல் ஞாயிறு பெண்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் படம் காட்டுவதாக ஷம்லா சொல்லி வைத்திருந்தாள். கடைசியில் அவள் சொன்னதை லைலா எனக்குச் சொன்னாள்: "திருந்தினாத் தாங்க ராத்தா. திருந்தாட்டி அழிச்சிருங்க. ஆம்புளையளுக்கிட்ட மட்டும் குடுத்துராதீங்க."

ஒரு பிள்ளையின் கலியாணம். பெண்கள் பக்கத்தில் வேறு ஒருத்தரும் படம் எடுக்கவில்லை, லைலா இருக்கிறாள் என்ற நம்பிக்கையில். மூன்று வாரத்தில் லைலா திருத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் தன் கையாலேயே அழிக்க வேண்டும்.

இரண்டு நாள் அவள் தனியாகப் போராடினாள். பச்சையைக் குறைத்தால் மஞ்சள் பக்கம் ஊதாவாகிறது, அதைத் திருத்தினால் இந்தப் பக்கம் மறுபடி பச்சை. புதன்கிழமை மத்தியானம் கடைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அந்தத் துணியையும் கொண்டு வீட்ட வாங்க. வெள்ளச் சட்டையும் போடுங்க."

"என்னத்துக்கு?"

"ஹிபாட சாறி வெள்ளை."

வீட்டுக்குப் போனால் முன்னறை யன்னல் ஓரம் ஒரு கதிரை போட்டிருந்தது. துணியை யன்னலில் கட்டச் சொன்னாள், கட்டினேன். மறுபக்கத்தில் மஞ்சள் குமிழ் விளக்கைக் கொளுத்தினாள். என்னைக் கதிரையில் இருத்தி, மடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையைத் தந்தாள்.

"சிரிங்க."

"எனக்குச் சிரிப்பு வரல்ல."

"ஒங்களுக்கு வராது. துணி கட்டினவருக்கு வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்படியே எடுத்தாள். அப்போதுதான் அவள் செய்வது எனக்கு விளங்கியது. மண்டபத்து வெளிச்சத்தை அப்படியே வீட்டுக்குள் உண்டாக்கி, ஹிபா இருந்த இடத்தில் என்னை வைத்து ஒரு படம். அந்தப் படத்தை யாருக்கும் காட்டலாம். யாரிடமும் பாடம் கேட்கலாம். கல்லூரிக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு இந்த யோசனை வந்திருக்கும்?

ஞாயிறு கராஜில் என் முகம் சுவர் அளவுக்கு விழுந்தது. ஒரு பக்கம் பாசி பிடித்தது போல, மறுபக்கம் மஞ்சள் தடவியது போல. கல்யாணி காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், தாடி வச்ச பாகற்காய் மாதிரி இருக்கீங்க!"

"சிரிங்க, சிரிங்க. இந்தப் பாகற்காய்தான் ஒங்களுக்கெல்லாம் பிரியாணிக்கு இறைச்சி வெட்டுறது" என்றேன்.

சடகோபன் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். "அக்கா, இது கஷ்டமான கேஸ். ரெண்டு வெளிச்சம் கலந்திருக்கு. மொத்தமா மாத்தினா ஒண்ணு சரியாகும், இன்னொண்ணு கெட்டுடும். பிரஷ் எடுத்துப் பகுதி பகுதியா மாத்தணும். இந்த வருஷம் வந்த புது வெர்ஷன்ல நிறத்தையும் பிரஷ்ல மாத்தலாம். நல்லவேளை ரோல எடுத்தீங்க, இல்லைன்னா குப்பைதான்."

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும்படியாக நான் இருமினேன்.

அவர் முதலில் கோப்பையைத் தொட்டுக் காட்டினார்: வெள்ளையாக இருக்க வேண்டியது எது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு கன்னம், பிறகு மறு கன்னம், கழுத்து, சட்டை. பச்சையை வெட்ட அதற்கு எதிரான இளஞ்சிவப்பை ஏற்ற வேண்டும். லைலா உடனே பிடித்துக்கொண்டாள். அவள் வாப்பா நூலுக்குச் சாயம் போட்டவர். எந்த நிறத்தை எந்த நிறம் அடக்கும் என்பது அவளுக்கு வீட்டிலேயே தெரியும். ஒரு மணி நேரத்தில் சுவரில் நான் மனிதனாகிவிட்டேன்.

"ஒரு படத்துக்கா இவ்வளவு பாடு?" என்று சடகோபன் கேட்டார்.

"இது மாதிரி நானூறு இரிக்கி தம்பி."

"நானூறு மீரா பாயா?" என்று அவர் கதிரையிலிருந்து எழும்பியே விட்டார்.

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறகு லைலா விஷயத்தைச் சொன்னாள். அவர் உடனே கையை நீட்டினார். "கார்டைக் குடுங்கக்கா. லீவு போட்டு முடிச்சுத் தர்றேன். காசு பணம் வேண்டாம்."

நல்ல மனதோடுதான் கேட்டார். லைலா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடினாள். "இது பொம்புளையள்ட படம் தம்பி. வாக்குக் குடுத்திட்டன்."

கல்யாணி, "அப்போ நான் வந்து பண்ணட்டுமா?" என்றார். சடகோபன், "நீ என் படத்தையே டெலீட் பண்ணினவ" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் ஒரு தாளை எடுத்து, செய்ய வேண்டியதை வரிசையாகத் தமிழில் எழுதிக் கொடுத்தார். "எங்க மாட்டிக்கிட்டாலும் போன் பண்ணுங்க. நான் படத்தைப் பாக்க வேண்டாம், நீங்க வாயால சொல்லுங்க" என்றார்.

அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் நடந்ததை வெளியாள் கேட்டால் பைத்தியம் என்பார்கள். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு லைலா அந்த அறைக்குள் போவாள். கதவு சாத்தியிருக்கும். நான் கடைக்குப் போகுமுன் தேத்தண்ணிக் கோப்பையை வாசலில் வைத்துவிட்டுத் தட்டுவேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சடகோபன் தன் அலுவலகத்திலிருந்து பேசுவார். கதவுக்கு வெளியே நின்றால் இவள் குரல் கேட்கும்.

"மூக்குக்கு இடப்பக்கம் இன்னும் கொத்தமல்லி நிறம் தம்பி... ஓம், ஏத்தினன்... இப்ப கூடிப் பெய்த்து, பீட்ரூட்... சரி, குறைச்சன்... இப்ப மூக்கு மூக்கா இரிக்கி. ஆனா தோடு செம்பாப் பெய்த்து, அது தங்கம்..."

ஒருநாள் நான் கதவைத் தட்டி, "லைலா, ஒரே ஒரு படம். சாறி நுனியாவது காட்டு. நான் கட்டின துணியால வந்த வினை, எனக்கும் ஒரு ஆறுதல் வேணுமே" என்றேன்.

"ஒங்கட ஆறுதலுக்கு ஒங்கட படம் இரிக்கி" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

ஆயிரத்துக்கு மேல் எடுத்திருந்தாள். கண் மூடியது, அசைந்தது எல்லாவற்றையும் கழித்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கன்னம், மறு கன்னம், கழுத்து, சாறி, தோடு. பதின்மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதல் அவள் கதவைத் திறந்து, யன்னலையும் திறந்து, வெளியே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மரம் பச்சையா இரிக்கிறது எவ்வளவு வடிவு" என்றாள்.

அந்த ஞாயிறு ஷம்லா வீட்டில் கூட்டம். முன்னறையில் பெண்கள், பெரிய தொலைக்காட்சி, திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. அது சாம்பல் நிறத் திரைச்சீலை, நான் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். பின்வளவில் ஆண்கள், அடுப்பில் இறைச்சி. இறைச்சி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. சடகோபனையும் கல்யாணியையும் ஷம்லாவே அழைத்திருந்தாள். கல்யாணி உள்ளே போய்விட்டார். சடகோபன் என் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிடவில்லை.

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. படம் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் ஒரு துண்டைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன். அது கருகிக்கொண்டு வந்தது.

"ஏன் பாய் சத்தமே இல்ல?" என்று சடகோபன் மெல்லக் கேட்டார். "நான் சொல்லிக் குடுத்ததுல ஏதாவது தப்பா?"

"ஒங்கட பிழை இல்ல. பிழை எண்டா துணிட பிழை."

அப்போது யாரோ ஒருத்தி விம்மினாள். அதன் பின்னால் ஒரு குரல் குரவை எழுப்பியது. இன்னொன்று சேர்ந்தது. பிறகு முன்னறை முழுவதும் குரவை. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, எல்லாம் சரியா என்று கேட்டார். யெஸ் என்றேன். தேங்க்யூ என்றும் சொன்னேன்.

"என்ன பாய் இது?" என்றார் சடகோபன்.

"படம் சரி எண்டு அருத்தம். கலியாண நாளில இவ்வளவு சத்தம் வரல்ல."

கொஞ்ச நேரத்தில் லைலா பின்கதவால் வந்தாள். அவள் கையை ஹிபா பிடித்திருந்தாள், இப்போது தலைத்துணி போட்டுக்கொண்டு. அழுத கண், சிரித்த வாய். "அங்கிள், தேங்க் யூ" என்று எனக்குச் சொன்னாள். துணிக்காகச் சொன்னாளா, இறைச்சிக்காகவா தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். லைலா சடகோபனைப் பார்த்தாள்.

"தம்பி, மூக்கெல்லாம் சரி."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். பொம்மைக் கமரா என்று சிரித்த மனிதர். அவருக்குப் பின்னால் கல்யாணி வந்து, "ஏங்க, நீங்க நாலு வருஷமா எடுத்த படத்துல ஒண்ணு கூட இப்படி இல்லை" என்றார். "நான் பாக்கலையே, எப்படி ஒத்துக்கறது?" என்றார் அவர்.

"பாக்காமலே ஒத்துக்கொள்ளுங்க. நான் ஒத்துக்கொள்ளல்லையா?" என்றேன்.

அதன் பிறகு இந்த ஒரு வருடத்தில் லைலா ஒன்பது கலியாணம் எடுத்துவிட்டாள். மெல்போர்னிலிருந்தும் அழைப்பு வந்து போய்வந்தோம். மண்டபத்தில் கண்ணாடி இருந்தால் துணி கட்டுவது இன்றும் நான்தான், அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு சுருள் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளை.

கடையில் தராசுக்கு மேலே என் படம் தொங்குகிறது. வெள்ளைச் சட்டை, மடியில் கோப்பை, இரண்டு கன்னமும் ஒரே நிறம். சிரிப்பு வராத மனிதன் சிரிக்கிறான். வருகிற ஊர்க்காரர் அண்ணன் முறை வைத்து, "காக்கா, ஆர் எடுத்த படம்? நல்ல வடிவு" என்பார்கள். "இது அவ படிக்க எடுத்தது. திறமான படங்கள் வேற இரிக்கி, நானூற்றுப் பன்னிரண்டு" என்பேன்.

"காட்டுங்களேன்" என்பார்கள்.

"நானே பாக்கல்ல" என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கையில் எடுப்பேன்.